டோக்கன் இல்லாமல் போன ஸ்பீக்கர்

தொலைந்துபோய்விட்டது என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும். கால் முளைத்து நடந்ததா என்று கேட்பார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தப் பொருளும் தானாகத் தொலைவதில்லை, யாரோ எடுக்கிறார்கள். எடுத்தவருக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு வீட்டு எண் உண்டு. அது நமக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில், எங்கள் மாடியிலேயே, மூன்றாவது கதவு அவருடையது. எல்லோரும் அவரை அங்கிள் என்றார்கள், அவர் மனைவியை ஆன்ட்டி என்றார்கள். நானும் அப்படியே. அவர் பெயரை இங்கே எழுதலாம்தான். எழுதினால், யாரைக் கேட்டு என் பெயரை எடுத்தாய் என்று வந்து நிற்பார். வேண்டாம்.

உயர்நிலை நான்காம் வகுப்பில் எனக்குக் கணிதத்தில் எண்பத்து மூன்று மதிப்பெண் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், அம்மாவுக்குக் கைநாட்டு. அந்தத் தாளை அப்பா மாடி முழுவதும் காட்டிக்கொண்டு போனார். அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "மிச்சம் பதினேழ எவன் எடுத்தான்?" என்றார். நான் பொறுப்பாக விளக்கினேன்: மூன்றாம் கேள்வியில் இரண்டு, ஏழாம் கேள்வியில் ஐந்து, வரைபடத்தில் அச்சுக்குப் பெயர் போடாததற்கு ஒன்று என்று பதினேழுக்கும். கடைசிவரை கேட்டார். "அப்ப யாரும் எடுக்கல. நீயாக் குடுத்துட்டு வந்திருக்க" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குப் புரொபசர்.

உச்சந்தலையில் முடி போனதற்குத் தேக்காவில் ஒரு சலூன்காரர்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. வெட்டச் சொன்னதற்கு மேல் எடுத்துவிட்டாராம். பஸ்ஸில் விட்டுவந்த குடைக்கு நடத்துநர், மாதா கோயில் வாசலில் காணாமல்போன செருப்புக்குப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. ஆன்ட்டி சாவி காணோம் என்றால் அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவார், சாவியும் கிடைத்துவிடும். கிடைப்பதுதான் அங்கிளுக்குப் பிடிக்காது. காணாமல்போன சரக்கெல்லாம் எங்கே இருக்கிறது என்று அந்த ஆளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது, அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை என்பார். ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொள்வார், சில சமயம் அவருக்கும் சேர்த்து.

இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா, வேலையால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் கருவி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர் அவர். சுவர் முழுக்கப் பலகை. பலகை முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணிக்குப் பின்னாலும் அதில் தொங்க வேண்டிய கருவியின் உருவம் சிவப்புச் சாயத்தில் வரைந்திருக்கும். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் அடித்த ஒரு பித்தளை டோக்கன். ஸ்பேனர் வேண்டுமா, உன் டோக்கனைக் கொடு. ஸ்பேனர் இருந்த ஆணியில் உன் டோக்கன் தொங்கும். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். மாலையில் பலகையை ஒரு பார்வை பார்த்தால் போதும், எது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். டோக்கனும் இல்லாமல் கருவியும் இல்லாமல் ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் அங்கிளுக்கு அன்று சோறு இறங்காது.

எண்பதுகளின் நடுவில் பட்டறையில் ஆட்குறைப்பு வந்து அவரை அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுவாரமே சமையலறைச் சுவரில் ஒரு பலகை ஏறியது. கத்தரிக்கோல், டின் திறப்பான், தேங்காய்த் துருவி, சல்லடை, குடை, எல்லாவற்றுக்கும் சிவப்பு உருவம். ஆன்ட்டிக்கு ஒன்றாம் எண் டோக்கன். புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த ஆன்ட்டியின் தம்பி சவரிமுத்துவுக்கு நான்கு. எனக்கு ஏழு. சொந்த வீட்டில் மாவு சலிக்க டோக்கன் மாட்ட வேண்டிய ஒரே பெண்பிள்ளை நான்தான் என்று ஆன்ட்டி சொல்லுவார், சொல்லிக்கொண்டே மாட்டுவார்.

டோக்கன்களின் மறுபக்கத்தில் பட்டறையின் முத்திரை இருந்தது. நான் அதைக் கவனித்து, இதையெல்லாம் அங்கிருந்து எடுத்து வந்தீர்களா என்று அப்பாவியாகக் கேட்டேன்.

"எடுத்தது இல்ல, புரொபசர். என்கூட வந்துச்சு."

கார் அதற்கு ஓரிரு வருடம் கழித்து வந்தது. வெள்ளை நிற ஜப்பான் கார், பெரியது. சவரிமுத்து வேலை பார்த்த ஒயரிங் கம்பெனியின் முதலாளி முதலில் வைத்திருந்தார்; அவர் சவரிக்கு விட்டுக்கொடுத்தார்; மூன்று வருடம் ஓட்டிவிட்டுச் சவரி தன் அத்தானுக்குக் கொடுத்தார். அங்கிள் அதைக் கார்நிறுத்துமிடத்தில் நிறுத்தி, முதல் வேலையாக ஒரு கேசட்டைப் போட்டார். பாதிப் பாட்டில் நிறுத்தினார். "தொண்டை இருக்கு. வயிறு இல்ல" என்றார்.

காரின் கையேட்டை என்னிடம் நீட்டினார். நான் அப்போது ராணுவத்தில் தேசிய சேவையை முடித்துப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். எங்கள் மாடிக்கு வரும் எல்லா இங்கிலீஷ் கடிதத்தையும் நான்தான் படித்துச் சொல்வேன். படிப்பதில் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டிருந்தது. முன்கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர், பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் இரண்டு, அந்தத் தட்டுக்கு அடியில் நடுவில் பெரிதாக ஒன்று என்று படம் போட்டிருந்தது. அந்தப் பெரிதற்கு 'சப்வூஃபர்' என்று பெயர். அப்படி ஒரு சொல்லை நான் அதுவரை கண்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. அடிக்குரலுக்கென்றே தனியாக இருக்கும் ஸ்பீக்கர், கார் செய்யும்போதே கம்பெனி வைத்து அனுப்புவது என்று விளக்கினேன். நல்லவேளை, சரியாகவே இருந்தது.

பின்பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மேலே பார்த்தோம். பரோட்டாத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. சுற்றி நான்கு திருகாணித் துளைகள். தொங்கிக்கொண்டிருந்த இரண்டு ஒயர்கள். மேல்பக்கம் துணி ஒட்டியிருந்ததால் காருக்குள் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதையெல்லாம் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒயர் முனைகளைத் தனித்தனியாகக் கருப்பு டேப் சுற்றி, ஒன்றோடொன்று படாமல் மடித்திருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டினேன். "தெரியாதவங்க செஞ்ச வேலை இல்ல, அங்கிள். எலக்ட்ரீஷியன் யாரோ செஞ்சிருக்காங்க."

"எலக்ட்ரீஷியன்" என்று அவர் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் சந்தைப் பையோடு ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் தம்பிதானே அந்த எலக்ட்ரீஷியன்.

அங்கிள் மாடிக்குப் போய்ச் சவரிக்குப் போன் போட்டார். சவரி, தான் வாங்கும்போதே பாட்டு அப்படித்தான் இருந்தது, ஓட்டை இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். அவர் நிஜமாகவே பாட்டுக் கேட்கிற ஆள் இல்லை. காரில் ரேடியோவில் செய்தி மட்டும் போடுவார். அங்கிள் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களிடம், "மூணு வருசம் ஓட்டினவனுக்கு ஓட்டை இருக்கிறது தெரியாதாம்" என்றார். பிறகு போனை வைத்துவிட்டார். வைத்ததோடு, மூன்று வாரத்தில் வரவிருந்த ஒரு விசேஷத்தையும் சேர்த்து நிறுத்திவைத்துவிட்டார்.

சவரியின் மகளுக்கு முதல் குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, ஆண்குழந்தை. அதன் ஞானஸ்நானத்துக்கு ஆன்ட்டிதான் ஞானத்தாய் என்று முடிவாகியிருந்தது. அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் பிள்ளை இல்லை. ஆன்ட்டி அந்தக் குழந்தைக்கு வெள்ளைச் சட்டை தைத்து, சரிகை வைத்து, பிரித்து, மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். கோயிலில் பெயர் கொடுத்தாகிவிட்டது. அந்தச் சாயங்காலம் அங்கிள் சொன்னார்: சரக்கைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவன் வீட்டு விசேஷத்துக்கு நம் வீட்டிலிருந்து ஆள் போகாது. ஞானத்தாய்க்கு வேறு யாரையாவது பார்க்கச் சொல்.  ஆன்ட்டி தையல் மெஷினை மூடிவிட்டு உள்ளே போனார்.

இது என்னால் வந்த வினை என்று எனக்குத் தெரிந்தது. படித்தவன் செய்ததைப் படித்தவனே சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தேன். வேறு ஸ்பீக்கர் வாங்கிப் பொருத்திவிட்டால் கதை முடிந்தது. ரோச்சோர் பக்கத்தில் ஒரு கடையிலிருந்து வீட்டு ஸ்பீக்கர் ஒன்றைச் சோதனைக்கு வாங்கிவந்தேன். ஓட்டைக்குச் சரியாக இருந்தது; ஆனால் பின்னால் இருந்த காந்தம் தடிமனாக, பின்பெட்டி மூடியின் சுருள்கம்பியில் போய் இடித்தது. மூடி மூடவில்லை. கம்பியை வளைத்துப் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பார்த்தால் சத்தமும் சோகையாக இருந்தது. கையேட்டின்படி, அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பீக்கருக்கு மின்தடை குறைவு, வீட்டு ஸ்பீக்கருக்கு அதைவிட இரண்டு மடங்கு. அதனால்தான் என்று மீட்டர் வைத்து நிரூபித்தேன். அங்கிள் நிரூபணத்தைப் பாராட்டினார். "அப்ப எடுத்தவன் விவரமாத்தான் எடுத்திருக்கான்."

காரை விற்கும் கம்பெனியின் உதிரிபாகக் கவுன்ட்டருக்கும் போனோம். அங்கிருந்த பெண், அதே ஸ்பீக்கர் வேண்டுமென்றால் ஜப்பானுக்கு எழுதிப்போட வேண்டும், சில மாதம் ஆகலாம் என்றார். நான் எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அங்கிள் என் கையைப் பிடித்தார்.

"திருடன் புக்கிட் பாஞ்சாங்ல இருக்கான். ஜப்பான்காரன் எதுக்குக் குடுக்கணும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு ஸ்பீக்கர் வேண்டியதில்லை. அந்த ஸ்பீக்கர்தான் வேண்டும். புதிதாக ஒன்றை வைத்தால் எடுத்தவனை விட்டதாக ஆகிவிடும். பாட்டுக்கு வயிறு வந்துவிடும், கேஸ் மூடிவிடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுங்கை ரோட்டுக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். லிட்டில் இந்தியாவை அடுத்து, வெயிலில் தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்கும் இடம் அது. திருட்டுச் சந்தை என்றுதான் ஊரில் பெயர். அங்கிளுக்கு அதனாலேயே அதன்மேல் ஒரு மரியாதை. கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கிடந்த ஒவ்வொரு ஸ்பீக்கரையும் புரட்டி, முதுகில் உள்ள எண்ணைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். கடை வைத்திருந்த சீனத் தாத்தா எதைத் தூக்கினாலும் "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டினார். நான்காவது கடையில் ஒரு குடையைப் பார்த்து அங்கிள் நின்றுவிட்டார். விரித்துப் பார்த்தார். மடக்கினார். அவருடையது இல்லை போல. ஆனால் விற்றவரை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஸ்பீக்கர் கிடைக்கவில்லை. தேக்கா சந்தையில் கோப்பி குடிக்க உட்கார்ந்தோம். நான் என் கருத்தைச் சொன்னேன்: ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வது முறையல்ல, முதலாளி வைத்திருந்த காலத்திலேயே கழன்றிருக்கலாம், அவர் கம்பெனியில் வேறு எலக்ட்ரீஷியன்களும் இருந்திருப்பார்கள் அல்லவா என்று. சொற்பொழிவு மாதிரி நீண்டுவிட்டது. அவர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பட்டறையில் ஒரு தடவை பெரிய ஸ்பேனர் ஒன்று காணாமல்போனதாம். ஆணி வெறுமை. எல்லை தாண்டி ஜொகூரிலிருந்து தினம் வந்துபோன ஒரு வெல்டர்தான் கடைசியாக ஸ்டோர் பக்கம் வந்தவன். அங்கிள் மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் அவனை அன்றே அனுப்பிவிட்டார்கள். அவன் கெஞ்சவில்லை, திட்டவுமில்லை. தன் டோக்கனைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனானாம்.

"அஞ்சு மாசம் கழிச்சு ஒரு பம்ப்பப் பிரிச்சாங்க. உள்ள கிடந்துச்சு. எவனோ வேலை பாத்துட்டு உள்ளயே விட்டு மூடிட்டான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தொடச்சு ஆணில மாட்டுனேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா, அங்கிள்?"

"கோப்பி ஆறுது, குடி" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது சமையலறைப் பலகையில் கத்தரிக்கோல் ஆணி வெறுமையாக இருந்தது. டோக்கன் இல்லை. ஆன்ட்டி கூடத்தில் உட்கார்ந்து, அதே கத்தரிக்கோலால், தைத்த வெள்ளைச் சட்டையின் சரிகையை வெட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது ஞானத்தாய் ஆனால் அவர் இந்த வெறும் சட்டையைக் கொடுக்கட்டும், சரிகை தன்னுடையது என்றார். அங்கிள் வெறும் ஆணியைப் பார்த்தார், ஆன்ட்டியைப் பார்த்தார். இருபத்தெட்டு வருட ஸ்டோர்கீப்பர் அன்று டோக்கன் கேட்கவில்லை. நான் மெதுவாக வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வகுப்பு முடிந்து வரும்போது ஆன்ட்டி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையருகே காத்திருந்தார். இரண்டு பஸ் மாறிப் புக்கிட் பாஞ்சாங் போய்விட்டு வந்திருக்கிறார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு பித்தளை டோக்கனை மேசையில் வைத்தார். எண் நான்கு. சவரியுடையது.

"தம்பி, நீ படிச்ச புள்ள. பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"சொல்ல மாட்டேன், ஆன்ட்டி."

"இந்த ஒரு தடவை சொல்லணும்லா."

அவர் திட்டம் எளிமையானது. காரின் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் எங்காவது இதை மாட்டிவிட்டு, கண்டெடுத்தது போலக் கண்டெடுக்க வேண்டும். டோக்கன் இருந்தால் அது திருட்டு இல்லை, இரவல். அங்கிளின் சட்டமே அதுதான். நான் தயங்கினேன். நேர்மையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன் என்றும் நினைக்கிறேன். ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டார். "நீ வாயே திறக்க வேணாம். மாட்டினாப் போதும். மாட்டுறதுல என்ன பொய் இருக்கு?" என்றார். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, கைக்குட்டையை மடித்தபடியே கேட்டார்: "எலக்ட்ரீஷியன்னு சொன்னது யாரு, தம்பி?"

டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை அங்கிள் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒயரை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று பின்பெட்டிக்குள் தலையை விட்டேன். தட்டுக்கு அடியில், முன்பக்கம், ஒரு திருகாணி நீட்டிக்கொண்டிருந்தது. மாட்டினேன். ஐந்து வரை எண்ணினேன். எனக்குப் பதற்றம் வந்தால் பேச்சு பள்ளிக்கூட வாய்மொழித் தேர்வு மாதிரி ஆகிவிடும். "அங்கிள், இங்கே ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது" என்றேன். செய்தி வாசிப்பவர்கூட அவ்வளவு திருத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் ஈரக்கையோடு வந்தார். அந்த இடத்தில் அவரே பத்துத் தடவை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. டோக்கனைக் கையில் வாங்கினார். எண்ணைப் பார்த்தார். புரட்டினார். அது தங்கம் மாதிரி மின்னியது. பித்தளையைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்காமல் இருக்க ஆன்ட்டியால் முடியாது. அதை நான் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. அங்கிள் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் மாடியைப் பார்த்தார். மூன்றாவது கதவுக்கு வெளியே ஆன்ட்டி காயாத துணியை எடுத்துக்கொண்டிருந்தார்.

 பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"நல்ல பித்தளை" என்றார். "அந்தக் காலத்துச் சரக்கு. கறுக்கவே இல்ல பாரு."

"ஆமாம், அங்கிள்."

"டோக்கன் வச்சிட்டுத்தான் எடுத்திருக்கான். நான்தான் கவனிக்கல." குழாயை மூடிவிட்டு வந்தார். "போய் உங்க ஆன்ட்டியக் கிளம்பச் சொல்லு. சரக்கு எப்ப வரும்னு கேட்டுட்டு வந்துருவோம்."

நாங்கள் மூவரும் புக்கிட் பாஞ்சாங் போய்க் கதவைத் தட்டியபோது சவரி லுங்கியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா வந்து டோக்கனை வாங்கிப் போனது மட்டும்தான் அவருக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது. அங்கிள் உட்காரவில்லை. டோக்கனைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதிகாரியின் குரலில், ஆனால் பழைய கோபம் இல்லாமல் கேட்டார்.

"டோக்கன் கிடைச்சிருச்சு. சரக்க எப்பத் திருப்பித் தர்ற?"

"எந்தச் சரக்கு, அத்தான்? நான்தான் அன்னிக்கே..."

அங்கிளுக்குப் பின்னால் நின்ற ஆன்ட்டி தம்பியைப் பார்த்தார். வெறும் பார்வைதான். சின்ன வயதில் அந்தப் பார்வைக்குப் பிறகு என்ன வரும் என்று சவரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயில் இருந்த கவளத்தை விழுங்கினார்.

"ஆமா, அத்தான். நான்தான் எடுத்தேன். மறந்தே போச்சு."

"எப்பத் தருவ?"

சவரி அக்காவைப் பார்த்தார். அக்கா குழந்தையின் தொட்டிலைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தந்துர்றேன்."

தான் எடுக்காத ஒரு பொருளை, எப்படி இருக்கும் என்றே தெரியாத ஒரு பொருளை, மூன்று நாளில், ஞானஸ்நானத்துக்கு முன்பே, திருப்பிக் கொடுப்பதாக அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். சரக்கு வரும்வரை என்னிடம் இருக்கட்டும் என்று டோக்கனை எடுத்துக்கொண்டு கிளம்பிய அங்கிள், திரும்பி வரும்போது காரில் சீட்டியடித்தார். ஆன்ட்டி சரிகையை மறுபடி தைக்க மூன்று நாள் போதுமா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சவரி கம்பெனி வேனில் வந்து இறங்கினார். விசேஷத்துக்கு உடுத்திய முழுக்கைச் சட்டை, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். கார்நிறுத்துமிடத்திலேயே அங்கிள் அதைப் பிரித்தார்.  அது கார் ஸ்பீக்கரே இல்லை. காகிதக் கூம்பு பழுத்திருந்தது. நான்கு துளைகளும் எங்கள் துளைகளுக்குப் பொருந்தாத இடத்தில் இருந்தன. விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு மரச்சிராய் ஒட்டிக்கொண்டிருந்தது; யாருடைய வீட்டு மரப்பெட்டி ரேடியோகிராமிலிருந்தோ அவசரமாகப் பெயர்த்தது. சவரிக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அங்கிள் ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த மரச்சிராயை நகத்தால் நெம்பி எடுத்தார். கீழே போடாமல், சவரி பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு உரக்கச் சொன்னார்: "ம். இதுதான்."

டோக்கனை நீட்டினார். ஒன்றும் எடுக்காத சவரிமுத்து அதை இரண்டு கையாலும், நற்கருணை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

பின்பெட்டிக்குள் படுத்து ஸ்பீக்கரைப் பொருத்தும்போது நான் டார்ச் பிடித்தேன். இரண்டு திருகாணிதான் ஏறியது. மற்ற இரண்டு மூலையையும் கம்பியால் கட்டினார். கம்பியை முறுக்கிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"புரொபசர், உன் புத்தகத்துல இப்படியா படம் போட்டிருந்துச்சு?"

"இல்ல, அங்கிள்."

"அப்படின்னா புத்தகத்த மூடு."

மூடினேன். பின்பெட்டியைத்தான் மூட முடியவில்லை. காந்தம் சுருள்கம்பியில் இடித்தது. ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் பாட்டுக்குப் பதில் பின்னாலிருந்து ஏதோ ஓர் உறுமல் வந்தது. அங்கிள் தாளம் போட்டார். ஆன்ட்டி பின்சீட்டில் வெள்ளைச் சட்டையை மடியில் விரித்து, கசங்காமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். ஆன்ட்டி குழந்தையை ஏந்திக்கொண்டு தொட்டியருகே நின்றார். பாதிரியார் கேட்டதற்கெல்லாம் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். தண்ணீர் பட்டதும் குழந்தை ஊரைக் கூட்டியது. புகைப்படக்காரர் எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்ல, ஆன்ட்டி முந்தானையைச் சரிசெய்வதற்காகக் குழந்தையை அங்கிளிடம் கொடுத்தார். அவர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், முன்பின் பழக்கமில்லாத கருவியைப் பிடிப்பது போல மார்போடு வைத்துக்கொண்டார். அழுகை நின்றது. ஈரத்தலையோடு அது சுற்றுமுற்றும் பார்த்தது. அங்கிளின் சட்டைப்பையில் கையை விட்டது. அவருடைய நல்ல பேனாவை இழுத்து எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

சவரியின் மகள் பதறிப்போய், பெரியவர் பேனா, விடுடா கண்ணா என்று விரலைப் பிரிக்க வந்தாள். அங்கிள் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

"தண்ணி இன்னும் காயல" என்று சவரியிடம் சொன்னார். "உன் பேரன் ஆரம்பிச்சுட்டான்."

படத்தில் அந்தப் பேனா தெளிவாக விழுந்திருக்கிறது. அவர் அதைக் கடைசிவரை திருப்பிக் கேட்கவில்லை.